நாலு மட்டையும் ஒரு குறுக்கு மட்டையும்



பிள்ளை கேத்திரகணித வீட்டுப்பாடத்தோடு வந்தால், "இங்கிலீசுக் கணக்கு எனக்கு விளங்காது" என்று அனுப்பிவிடுகிறோம். அம்மா அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று பிள்ளையும் முடிவுகட்டிவிடும். ஆனால் நாங்கள் ஊரில் படித்த அதே நாற்பக்கல்தான் இது.

நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது இப்படி. தடித்த மட்டையில் ஒரே நீளமான நாலு துண்டுகள் வெட்டி, மூலைகளில் ஊசியால் பொருத்துங்கள். சதுரமாக வைத்து ஒரு மூலையைத் தள்ளினால் சரிந்து சாய்சதுரமாகும். பக்கங்கள் மாறவில்லை, கோணங்கள் மாறிவிட்டன. ஆனாலும் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகைதான். ஏனெனில் ஒரு மூலைவிட்டம் கீறினால் இரண்டு முக்கோணிகள். ஒவ்வொன்றிலும் 180 பாகை.

அந்த மூலைவிட்டத்தில் இன்னொரு துண்டைப் பொருத்துங்கள். இனி அசையாது. ஊரில் படலைக்குக் குறுக்குச்சட்டம் அடித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அத்திவாரத்துக்குக் கயிறு கட்டும் மேசனும் பக்கங்களை மட்டும் நம்பமாட்டார். இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பார். எதிர்ப்பக்கங்களோடு அவையும் சமமானால்தான் மூலைகள் செங்கோணம்.

சதுரமும் செவ்வகமா என்று பிள்ளை கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள். நாலு கோணமும் 90 பாகையாக இருந்தால் அது செவ்வகம். பக்கங்களும் சமமென்றால் சதுரம்.

பெயர்களில் மட்டும் கவனம். எங்கள் சரிவகத்துக்கு இங்கே கனடாவில் ட்ரபசொயிட் என்று பெயர், இங்கிலாந்தில் ட்ரபீசியம். லண்டன் மச்சானிடம் தொலைபேசியில் கேட்டுச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை குழம்பிவிடும்.