ஓட்டுநர் பயிற்சியும் பத்து மணி நேர அமானிதமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வாகனம் ஓட்டப் பயிற்றுவிக்கும் தொழிலில் உள்ள எங்களையும் இச்சபையில் பேச அழைத்தமைக்கு நன்றி. வசதி குறைந்த நம் இளைஞர்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து பயிற்சிக் கட்டணம் வழங்குவது பற்றி நிர்வாகம் ஆலோசித்து வருகின்றது. அதனையொட்டியே சில செய்திகளைக் கூற விழைகின்றோம்.

எங்கள் வண்டியில் ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு அதில் அமர்பவர் ஜவுளிக்கடை முதலாளியின் மகன். ஏழு மணிக்கு அதே இருக்கைக்கு வருபவர் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். பின்னர் ஒரு மருத்துவர், விசாவுக்காகக் காத்திருக்கும் இளைஞர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார் என வரிசை நீளும்.

முதலாளியின் மகனுக்கு வண்டியைக் கண்டு அச்சமில்லை. வீட்டுக் காரை ஏற்கெனவே தெருவில் ஓட்டிப் பார்த்திருப்பார். ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்புவார். அவர் அறியாதது சாலையை. குறுக்கே வரும் மூதாட்டி எந்தக் கணத்தில் தயங்கி நிற்பார் என்பது, நடந்து பழகாத அவர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. பழ வியாபாரிக்கோ சாலை மனப்பாடம். பேருந்து எப்போது ஒதுங்கும், ஆட்டோ எங்கே திடீரென நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் அஞ்சுவது வண்டியைக் கண்டுதான். ‘ஏதேனும் உடைந்துவிட்டால் கொடுக்கப் பணம் இல்லையே’ என்று இருக்கையின் நுனியிலேயே அமர்ந்திருப்பார். அச்சத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விடுவார். வண்டி குலுங்கி நின்றுவிடும். உடனே மன்னிப்புக் கேட்பார். பயிற்றுநர் பக்கமும் பிரேக் உண்டு, எதுவும் ஆகாது என்று அவருக்கு எடுத்துச் சொல்வதே முதல் இரண்டு நாள் பாடமாகிவிடும். மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பார். காரணம் விளங்கிவிட்டால் கால் தானாகவே பணிந்துவிடும்.

ஆளுக்கொரு விதமாகக் கற்பிப்பதில் தவறில்லை. ஆனால் ஆளுக்கொரு மரியாதை என்பது வேறு. தந்தை வயதுடைய கூலித் தொழிலாளியை ‘நீ’ என்றும், பத்தொன்பது வயதுச் செல்வந்தர் மகனை ‘நீங்கள்’ என்றும் விளிக்கும் வழக்கம் இத்தொழிலில் பரவலாக உண்டு. ‘நீ’ என்று விளிக்கப்பட்டவர் சந்தேகம் கேட்கமாட்டார். கேளாத சந்தேகம் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் இடத்தில் வெளிப்படும்; அங்கே வண்டி பின்னோக்கி உருளும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தோடு வந்த நிகழ்ச்சியையும், அதனையொட்டி ‘அபஸ’ எனும் 80ஆம் அத்தியாயம் அருளப்பட்டதையும் ஆலிம்கள் இம்மிம்பரில் பலமுறை விளக்கியுள்ளனர். அத்தோழரே பின்னாளில் முஅத்தினாகவும், பெருமானார் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவின் பொறுப்பாளராகவும் இருந்தார்கள். கற்பிக்கும் தொழிலிலுள்ள எவரும் மறக்கலாகாத வரலாறு இது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இலகு ரக வாகனப் பயிற்சி குறைந்தது 21 நாள் நடைபெற வேண்டும். அதில் கற்பவர் தம் கையால் ஓட்டும் நேரம் பத்து மணிக்குக் குறையலாகாது. ஒவ்வொரு நாளும் ஓட்டிய நேரத்தை 15ஆம் எண் படிவத்தில் எழுதிப் பயிற்றுநரும் கற்பவரும் கையொப்பமிட வேண்டும். நடைமுறை என்ன? ஒரே வண்டியில் நால்வரை ஏற்றிச் சென்று, ஒருவர் ஓட்ட மூவர் பின்னிருக்கையில் வேடிக்கை பார்த்த நேரத்தையும் கணக்கில் சேர்ப்போர் உண்டு. வசதியும் விவரமும் உள்ளவர் ‘எனக்கு இன்னும் நான்கு மணி நேரம் பாக்கி’ என்று கேட்டுப் பெற்றுவிடுவார். ஏழை, காட்டிய இடத்திலெல்லாம் கையொப்பமிட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த நேரம் அவருடைய ஹக்கு. அதைக் குறைப்பது, தராசில் கல்லைக் குறைப்பதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

‘பையன் வெளிநாடு போகவேண்டும்; லைசென்ஸ் மட்டும் எடுத்துக் கொடுங்கள், மற்றதை அங்கே பழகிக்கொள்வான்’ என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். வளைகுடா நாடுகளில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. ஸ்டியரிங் இடப்புறம் இருக்கின்றது. இங்கே முறையாக ஓட்டியவருக்கே அது புதிதாகத் தோன்றும். கையில் அட்டை மட்டும் உள்ளவர் பிறர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அச்சாலையில் என்ன செய்வார்? அத்தகைய கோரிக்கைகளை நாங்கள் ஏற்பதில்லை. இதனால் சிலருக்கு எங்கள் மீது வருத்தமுண்டு, அது இருக்கட்டும்.

போக்குவரத்து வாகன உரிமத்திற்கு எட்டாம் வகுப்புக் கல்வி வேண்டும் என்ற நிபந்தனையை மத்திய அரசு 2019இல் நீக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத சகோதரர்களும் தயங்காமல் வரலாம். வட்டப் பலகை கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல் என வடிவத்தைக் கொண்டே பலகைகளைக் கற்பிக்கின்றோம். படித்தவர்களைவிட இவர்களே அவற்றை நன்கு நினைவில் வைக்கின்றனர்.

பெண்கள் கற்பது பற்றியும் சிலர் வினவுகின்றனர். சவூதி அரேபியாவிலேயே 2018 ஜூன் 24 முதல் பெண்கள் வாகனம் ஓட்டிவருகின்றனர். தாயோ சகோதரியோ பின்னிருக்கையில் உடன் வரலாம். புர்காவின் ஓரம் பெடலில் சிக்காதவாறு ஒதுக்கி அமர்வது முதல் பாடம்.

நிர்வாகத்திற்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. பைத்துல்மால் உதவியை உரிமம் கிடைத்ததா என்று பார்த்து வழங்காதீர்கள். பாதிக் கட்டணத்தைத் தொடக்கத்தில் தாருங்கள். மீதியைத் தருமுன் 15ஆம் எண் படிவத்தை வாங்கிப் பாருங்கள். அந்த இளைஞரையும் தனியே அழைத்து, எத்தனை மணி நேரம் தம் கையால் ஓட்டினார் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியாயினும் பிற பள்ளியாயினும் இதே முறையைக் கடைப்பிடியுங்கள். ஸகாத் நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்பதை உலமாக்களே தீர்மானிக்கட்டும்.

வஸ்ஸலாம்.