நம்ம கணக்கை நாமே சொல்வோம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் சமுதாய வளப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'தொழிலில் தெளிவாகப் பேசுவது'. மேடையில் மைக் பிடிச்சுப் பேசுறதைப் பத்தி நான் சொல்ல வரல. பேங்க் மேனேஜர் முன்னாடி, சரக்கு வாங்க வர்றவர் முன்னாடி, நம்ம குழுவுக்குள்ள, இந்த மூணு இடத்துலயும் நாம எப்படிப் பேசுறோம்? அதனால நமக்கு வர்றது என்ன, போறது என்ன? அதை மட்டும்தான் சொல்லப் போறேன்.

1989-ல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்தில், கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே பெரிய சாதனை. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அன்னைக்கு நம்ம கையெழுத்து பேங்குக்குள்ள போயிடுச்சு. நம்ம பேச்சு மட்டும் இன்னும் வாசல்லயே நிக்குது.

பேங்கில்

நான் பல கிளைகளுக்குக் குழுக்களோடு போயிருக்கேன். மேனேஜர் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான். "எதுக்கும்மா லோன்?" உடனே பத்து பேரும் தலைவி முகத்தைப் பார்ப்பாங்க. தலைவி எழுந்து, "சார், நாங்கல்லாம் ஏழைப்பட்டவங்க, நீங்க பாத்துப் போட்டுக் குடுங்க" என்பாங்க.

மேனேஜர் நல்லவராகவே இருக்கட்டும். இந்தப் பதிலை வெச்சு அவரால எதையும் எழுத முடியாது. அவருக்கு மேலே இருக்கிறவங்க கேட்கிறது கணக்கைத்தான். நாம கஷ்டத்தைச் சொல்றோம், அவருக்கு வேண்டியது கணக்கு. நம்மகிட்ட கணக்கு இல்லாமலா இருக்கு? வாராவாரம் எழுதுற நோட்டு இருக்கு. அதைச் சொல்லத்தான் வாய் வரல.

இப்படிச் சொல்லிப் பாருங்க. ஒரு உதாரணத்துக்குத்தான்:

"சார், எங்களுக்கு 3 லட்சம் ரூபாய் கடன் வேணும். எங்க குழுவுல 12 பேர். மூணு வருஷமா ஆளுக்கு மாசம் 200 ரூபாய் சேமிக்கிறோம். சேமிப்பு மட்டும் 86,400 ரூபாய் இருக்கு. முதல்ல வாங்கின ஒன்றரை லட்சத்தை 24 மாசத்துல ஒரு தவணை தவறாமக் கட்டி முடிச்சோம். இந்தக் கடனில் 5 பேர் ஆளுக்கு 40,000-க்குக் கறவை மாடு வாங்குறாங்க. 4 பேர் ஆளுக்கு 15,000-க்குத் தையல் மெஷின். 2 பேர் ஆளுக்கு 20,000-க்குக் கடைச் சரக்கு. ஒருத்தர் இந்தத் தடவை கடன் கேட்கல. தீர்மான நோட்டும் பாஸ்புக்கும் இதோ இருக்கு."

இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. வரிசையைக் கவனிங்க. முதல்ல என்ன வேணும்னு சொன்னோம். அப்புறம் நாம யாரு, இதுவரை எப்படி நடந்துக்கிட்டோம். அப்புறம் பணம் எங்கே போகுது. கடைசியில அத்தாட்சி. குடும்பக் கதையில ஆரம்பிச்சு, கேட்க வந்ததைக் கடைசியில சொன்னா, அதுக்குள்ள அவருக்குப் போன் வந்துடும்.

அடமானம் கேட்டா பயப்பட வேண்டாம். குழுக் கடனுக்கு 10 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாது, நம்ம சேமிப்புக் கணக்கையும் முடக்கி வைக்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி. விண்ணப்பம் கொடுத்தா அதுக்கு ஒப்புகை ரசீது தரணும். கடன் இல்லைன்னா என்ன காரணம்னு எழுத்துல தரணும். அதுவும் விதிதான். இதைச் சண்டை போட்டுக் கேட்க வேண்டியதில்லை. "சார், என்ன குறைன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா அதைச் சரி பண்ணிட்டு வர்றோம்" என்றால் போதும். "அப்புறம் வாங்க" என்று சொன்னா, "எந்தத் தேதிக்கு வரட்டும் சார்? என்ன பேப்பர் கொண்டு வரணும்?" என்று கேட்டு, அவர் எதிர்லயே நோட்டில் எழுதிக்கோங்க. எழுதுறதைப் பார்த்தாலே பதில் திட்டமா வரும்.

வாங்க வர்றவரிடம்

கண்காட்சியிலும் வாங்குவோர் விற்போர் சந்திப்பிலும் நாலு கேள்வி தப்பாம வரும். என்ன விலை? மாசம் எவ்வளவு தருவீங்க? எத்தனை நாள் கெடாம இருக்கும்? உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கா?

இரண்டாவது கேள்விக்கு நம்ம ஆட்கள் சந்தோஷத்துல சொல்ற பதில்: "எவ்வளவு வேணும்னாலும் தர்றோம் சார்." விவரம் தெரிஞ்ச வியாபாரி இந்த இடத்துலயே நம்மை விட்டு விலகிடுவார். இவங்களுக்கு அவங்க அளவே தெரியலைன்னு அவருக்குப் புரிஞ்சுடும். "நாங்க 8 பேர், வாரத்துல ரெண்டு நாள் அரைக்கிறோம், ஒரு நாளைக்கு 30 கிலோ, மாசம் 240 கிலோ தர முடியும். அதுக்கு மேல வேணும்னா 15 நாள் முன்னாடி சொல்லணும், பாதி முன்பணம் வேணும்" என்று சொல்லுங்க. குறைவாச் சொன்னா ஆர்டர் போயிடும்னு நினைக்காதீங்க. சொன்ன அளவு சொன்ன தேதியில போய்ச் சேர்ந்தாத்தான் அடுத்த ஆர்டர் வரும்.

விலைக்கு வருவோம். சத்துமாவு அரைக் கிலோ பாக்கெட்டை எடுத்துக்கோங்க. தானியம், பயறு 60 ரூபாய். வறுக்க, அரைக்க 10. பாக்கெட், லேபிள் 8. நம்ம கூலி 17. வண்டிச் செலவு 5. மொத்தம் 100 ரூபாய். பாக்கெட் மேல போட்ட விலை 140. கடைக்காரர் 20 சதவீதம் கமிஷன் கேட்டா 28 ரூபாய் போகும், நம்ம கைக்கு 112 வரும். 12 ரூபாய் மிச்சம். அவர் சிரிச்ச முகமா, "30 போட்டுக்கலாமே" என்கிறார். நாமும் பத்து சதவீதம்தானே என்று தலையாட்டிட்டோம்னா, 42 போய் 98 வருது. பாக்கெட்டுக்கு 2 ரூபாய் நட்டம். மாசம் 480 பாக்கெட் கொடுத்தா, 960 ரூபாயை நம்ம கையிலிருந்து போட்டு அவர் கடையை நடத்துறோம்.

அதனால பேரம் பேசப் போறதுக்கு முன்னாடி, எந்த விலைக்குக் கீழே போகக் கூடாதுன்னு குழுவா முடிவு பண்ணி எழுதிக்கிட்டுப் போங்க. "அதுக்குக் குறைச்சா எங்களுக்குக் கட்டாது சார்" என்று தணிவாச் சொல்லலாம். கூலியைக் கணக்குல சேர்க்காம விலை சொல்றவங்க நம்மள்ல நிறைய. வறுத்த கைக்கும் கூலி உண்டு.

பதிவு எண் 14 இலக்கம். சொல்றதைவிட லேபிளைக் காட்டுங்க. தயாரித்த தேதி, எடை, விலை எல்லாம் அதுலயே இருக்கட்டும். ஒரு பாக்கெட்டைப் பிரிச்சு அவர் கையில கொஞ்சம் கொடுத்தா அதுவும் பேச்சுதான்.

குழுவுக்குள்

நான் பெரிசா நினைக்கிறது இதைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு குழு. தலைவி கெட்டிக்காரி. பேங்க், பி.டி.ஓ. ஆபீஸ், கண்காட்சி எல்லாத்துக்கும் அவங்கதான் போவாங்க. மகள் பிரசவத்துக்காக வெளியூர் போனவங்க அஞ்சு மாசம் அங்கேயே இருக்க வேண்டியதாப் போச்சு. மத்த பதினோரு பேருக்கும் கடன் பாக்கி எவ்வளவு, விண்ணப்பம் எந்த நிலையில இருக்கு என்று சொல்லத் தெரியல. பேங்குக்கு யாரும் போகல. ஒரு உறுப்பினர் பையன் காலேஜ் ஃபீஸுக்கு வெளியில வட்டிக்கு வாங்கினாங்க. குழுவுல பணம் இருந்தும் அவங்களுக்கு உதவல.

அந்தத் தலைவி மேல எந்தத் தப்பும் இல்லை. ஒருத்தர் வாயில மட்டும் குழு இருந்தா இப்படித்தான் ஆகும். சில இடத்துல அந்த ஒரு வாயும் வீட்டுக்காரர் வாயா இருக்கு. "எங்க வீட்டுக்காரரு பேசுவாரு" என்று விட்டா, கடன் நம்ம பேர்ல இருக்கும், முடிவு வேற இடத்துல இருக்கும்.

இதுக்குப் பெரிய பயிற்சி வேண்டாம். குழுக் கூட்டத்துல பத்து நிமிஷம் ஒதுக்குங்க. வாரம் ஒருத்தர் எழுந்து நம்ம கணக்கைச் சொல்லணும்: சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு, இந்த மாசம் யாருக்கு என்ன கொடுத்தோம். இன்னொருத்தர் மேனேஜர் மாதிரி உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்கட்டும். சிரிப்பு வரும், வரட்டும். படிக்கத் தெரியாத அக்காவும் சொல்லலாம், கணக்கு அவங்க மனசுல நம்மளைவிட நல்லா நிக்கும். தெரியாததைக் கேட்டா, "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லப் பழகணும். குத்துமதிப்பா ஒரு எண்ணைச் சொல்லக் கூடாது. "எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானமே போடுங்க.

வேலை சொல்றதுலயும் இதே தெளிவு வேணும். "நாளைக்கு எல்லாரும் வந்துடுங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டா நாலு பேர் வருவாங்க. "நாளைக்குக் காலை 9 மணி, மாவு மில், இன்னார் இன்னார் வரணும், இன்னார் சாக்கு கொண்டு வரணும்" என்று பேர் சொல்லிப் போடுங்க. கேட்டவங்க திருப்பிச் சொல்லட்டும். குழுவுல வர்ற சண்டையில பாதி, யார் என்ன சொன்னாங்க என்கிற சண்டைதான்.

அடுத்த பொதுக்குழுவில், ஒவ்வொரு குழுவிலிருந்தும் தலைவி அல்லாத ஒரு உறுப்பினர் ரெண்டு நிமிஷம் எழுந்து தன் குழுவின் கணக்கைச் சொல்லணும்னு கூட்டமைப்பை நான் கேட்டுக்கிறேன். இந்த வாரக் கூட்டத்துலயே முதல் பேரை எழுதிடுங்க.