இயந்திரங்களுக்கு எழுதும் ஏவல்



சீனன்குடாக் காட்டினிடையே நிற்கும் எண்ணெய்க் குதங்களைத் திருகோணமலை நேயர்கள் அறிவர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு குதம் பற்றியெரிந்தது. விலகி நின்றமையால் மற்றவை தப்பின. 99 குதங்கள் இன்றும் உள. கணினியைப் பற்றிப் பேச வந்தவன் எண்ணெயை ஏன் தொட்டேன் என்பது பின்னர் விளங்கும்.

ஒரு பெருங்கணினியைப் பல கணினிகள்போற் பகுத்தாளும் முறைக்கு மெய்நிகராக்கம் என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே கையாண்ட உபாயம் இது. இன்றோ நூற்றுக்கணக்கான மெய்நிகர்க் கணினிகளை ஒருவரே மேற்பார்க்கலாம். அவர் ஒவ்வொன்றாகத் திரையில் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. மேலாண்மை நிரல் இணையவழி விண்ணப்பம் ஏற்கும்: 'இருப்பவற்றைச் சொல்', 'புதியதொன்று ஆக்கு', 'இதனை அழி'. பைதன் மொழியில் சில வரிகள் எழுதிவிட்டால் அவ்விண்ணப்பங்கள் தாமே செல்லும். இரவில் பிரதியும் எடுக்கும். பழைய கச்சேரி எழுதுவினைஞருக்கு இப்படியொரு துணை வாய்த்திருந்தால்!

ஆனால், ஆக்கும் திறவுகோலே அழிக்கவும் வல்லது. 2023 ஆகஸ்டில் நம் அரசாங்க முகிற்கணினித் தொகுதியிற் பணயம் கேட்கும் தீநிரல் புகுந்தது. இணைப்பிலிருந்த பிரதிகளும் பூட்டுண்டன. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை.

ஆகவே, பிரதி எடுக்கும் கட்டளைத் தொடரிடம் அழிக்கும் உரிமை இருத்தலாகாது. ஒரு பிரதியேனும் அதன் கைக்கெட்டாத வேறிடத்தில், இணைப்பறுத்து, அக்குதங்களைப்போல் விலக்கி வைக்கப்படல் வேண்டும். மாதமொருமுறை அதனைத் தனித்த கணினியொன்றில் இணைத்து, பழைய கோப்பு திறக்கிறதா என்று பார்க்கும் வேலையை மட்டும் மனிதரிடமே விடலாம்.