பில் புத்தகம் எந்த மாடலில் அடிக்கலாம்?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் உள்கடன் பற்றிப் பேசியே பொழுது போய்விட்டது. இன்றைக்கு வேறு விஷயம். தொழில் செய்கிற குழுக்காரங்க எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்வி: "பில் புக் அடிக்கணும், எந்த மாடல் நல்லா இருக்கும்?" அச்சகத்துக்குப் போனால் பத்து மாடல் எடுத்துப் போடுகிறார்கள். போதாததற்குப் போனிலேயே பில் போடுகிற ஆப் வந்துவிட்டது. அதில் கலர் கலராக டிசைன். சேலை எடுக்கப் போன மாதிரி நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இது சின்ன விஷயம் என்றுதான் நாங்களும் ஒரு காலத்தில் நினைத்தோம். அப்படி இல்லை என்று எங்களுக்குப் புரிய வைத்த ஒரு குழுவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். குழு பெயர் வேண்டாம். அந்த அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம்.

மசாலாப் பொடி அரைக்கிற குழு. பன்னிரண்டு பேர். ஒரு விடுதிக்கு மாதாமாதம் சாம்பார் பொடி, மிளகாய்த் தூள் கொடுத்தார்கள். டவுனில் டிடிபி சென்டரில் சொல்லி, ஓரத்தில் பூக்கொடி, மேலே குத்துவிளக்குப் படம் போட்டு, கலரில் பில் அடித்தார்கள். எல்லாம் தனித்தனித் தாள். வரிசை எண் கிடையாது. நகல் கிடையாது. எங்களிடம் கொண்டுவந்து காட்டினபோது "அருமையா இருக்கு" என்று சொன்னது நாங்கள்தான். சமூகப்பணி படித்தோம், கணக்குப் பதிவேடு பற்றிப் பயிற்சியும் கொடுக்கிறோம். ஆனாலும் அன்றைக்குக் கண்ணில் பட்டது பூக்கொடி மட்டும்தான்.

ஏழெட்டு மாதம் போனது. மூன்று பில்லுக்குப் பணம் வரவில்லை. ரூ.6,200, ரூ.6,600, ரூ.5,600. மொத்தம் ரூ.18,400. கேட்டால், "அப்படி பில்லே வரலையேம்மா" என்றார்கள். நம்மிடம் காட்ட நகல் இல்லை. குழுக் கூட்டத்தில் பேச்சு எங்கே திரும்பியது தெரியுமா? சரக்கைக் கொண்டுபோய்ப் போட்டு வந்த அந்த அக்கா மேல் திரும்பியது. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "பணம் வாங்கினதை மறந்திருப்பாங்களோ" என்று ஒருத்தர் ஆரம்பித்தார், அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்த அக்கா கம்மலை அடகு வைத்துப் பணத்தைக் கொண்டுவந்து கூட்டத்து நடுவில் வைத்தார். பிறகு நாங்களும் தலைவியும் விடுதிக்குப் போய் ஸ்டோர் ரிஜிஸ்டரைப் புரட்டினோம். இரண்டு தேதிக்குச் சரக்கு வந்த பதிவு இருந்தது. ரூ.12,800 கிடைத்தது. மூன்றாவது, அந்த ரூ.5,600, இன்றுவரை வரவில்லை.

அதனால் மாடல் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விதான் கேட்போம். இந்த பில்லை யாருக்குக் கொடுக்கப் போறீங்க? உங்க குழுவில் இதை எழுதப் போறது யார்?

விடுதி, கேன்டீன், பெரிய கடை மாதிரி கடனுக்குச் சரக்கு எடுக்கிற இடம் என்றால் மூன்று நகல் உள்ள பெரிய புத்தகம் வேண்டும். ஒன்று அவர்கள் கணக்கருக்கு, ஒன்று ஸ்டோருக்கு, மூன்றாவது கிழிக்காமல் நம்மிடமே நிற்கணும். கார்பன் வைக்காமலே பதிகிற தாளிலும் அடித்துத் தருகிறார்கள். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் கார்பனைத் திருப்பி வைத்து எழுதுகிற தப்பு நடக்காது. வரிசை எண் அச்சிலேயே வரணும். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி, அவர்கள் ஆர்டர் எண் கொடுத்திருந்தால் அதற்கொரு இடம், கீழே "சரக்கு பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக்கு ஒரு கோடு. இந்தக் கடைசிக் கோட்டுக்காக எந்தப் பூக்கொடியையும் விட்டுக்கொடுக்கலாம்.

அளவு போடுகிற கட்டம் பற்றியும் சொல்லணும். அதே குழு ஒருமுறை "சாம்பார் பொடி – 30" என்று எழுதிவிட்டது. அவர்கள் மனதில் அரைக் கிலோ பாக்கெட் முப்பது. ஸ்டோரில் எடை போட்டு 15 கிலோ என்று ஏற்றியிருக்கிறார்கள். முப்பதும் பதினைந்தும் ஒத்துவராமல் பில் இரண்டு வாரம் மேஜையிலேயே கிடந்தது. அதனால் பாக்கெட் அளவு, எத்தனை பாக்கெட், மொத்தம் எத்தனை கிலோ என்று மூன்று கட்டம் கேட்டு வாங்குங்க. சோப்பு, பினாயில் செய்கிறவர்களுக்கு கிலோ கட்டம் தேவையில்லை, லிட்டர், எண்ணிக்கை என்று மாற்றிக்கொள்ளுங்க. பொருளுக்குத் தகுந்த கட்டம், அவ்வளவுதான்.

பெட்டிக்கடை, மளிகைக்கடைக்கு வாரம் ஒருமுறை போடுகிறவர்களுக்கு இந்தப் பெரிய பில் தேவையே இல்லை. அங்கே சண்டை வருவது பழைய பாக்கியில்தான். சின்னப் புத்தகம், இரண்டு நகல் போதும். அதில் முன் பாக்கி, இன்றைய சரக்கு, திரும்பி வந்தது, வரவு, நிற்கும் பாக்கி என்று ஐந்து வரி கீழ்க்கீழே அச்சடிக்கச் சொல்லுங்க. முன் பாக்கி 340, இன்றைக்குப் போட்டது 600, விற்காமல் திரும்பினது 80, கொடுத்தது 500, நிற்பது 360. கடைக்காரர் அண்ணனும் அதே தாளைப் பார்க்கிறார், நாமும் பார்க்கிறோம்.

கல்லூரிச் சந்தை, கண்காட்சி, திருவிழாக் கடை என்றால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற ரெடிமேட் பில் புக்கில் குழு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினாலே போதும். அங்கே போய் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போயிடும். ஆனால் பில் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம்.

இனி வரி. இங்கேதான் நம்ம ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். போனில் இறக்கின மாடலில் "டேக்ஸ் இன்வாய்ஸ்" என்று தலைப்பும், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு கட்டமும் தானாகவே இருக்கும். கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஒரு தங்கச்சி இரண்டிலும் இரண்டரை சதவீதம் போட்டு வாங்கிவிட்டாள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத யாரும் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது, அது சட்டப்படி தப்பு. நம் மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்கிறவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். நம் குழுக்கள் பல அதற்கு வெகு கீழே. ஆகவே அந்தக் கட்டமே இல்லாத மாடலை எடுங்க, தலைப்பு வெறும் "பில்" என்று இருக்கட்டும். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு விதி வேறு. அவர்கள் அச்சடிக்கும் முன்பே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்க.

தின்பண்டம், பொடி, ஊறுகாய் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போடுகிறீர்கள். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அது இருக்கணும். ஸ்டாம்பில் சேர்த்துவிட்டால் மறக்காது.

உத்யம் பதிவு செய்த குழுக்களும் பதிவு எண்ணை பில்லில் அச்சடியுங்க. பதிவு இலவசம்தான். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, செய்து கொடுத்த பொருளுக்கு 15 நாளில் பணம் வரணும். எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது, இழுத்தால் வட்டி கேட்கலாம். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து நாள் எண்ணணும். தேதியும் கையெழுத்தும் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு எந்த நாளிலிருந்து எண்ணுவது?

பில்லில் வங்கிக் கணக்கு எண் போட்டால் குழுக் கணக்கைப் போடுங்க. ஸ்கேன் பண்ணுகிற க்யூஆர் கட்டமும் குழுக் கணக்குக்கு வங்கியில் கேட்டு வாங்கினதாக இருக்கட்டும். ஊக்குநரின் சொந்த ஜிபே எண்ணை அவசரத்துக்கு அச்சடித்து, அந்தப் புத்தகம் தீரும் வரை அவர் வீட்டுக்காரரிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

போன் ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு அது வசதி, வரிசை எண்ணும் தானாக விழும். ஆனால் போன் பெரும்பாலும் யாரோ ஒருத்தர் மகனுடையதாக இருக்கிறது. அவன் சென்னைக்கு வேலைக்குப் போனால் உங்க பில்லும் கூடவே போகும். ஆப்பில் போட்டாலும் எண், தேதி, பெயர், தொகை நாலையும் விற்பனைப் பதிவேட்டில் எழுதிடுங்க.

"எங்க குழுவுல எழுதத் தெரிஞ்சது ஒருத்திதான், அவ இல்லாத அன்னைக்கு?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு அக்கா இப்போது கேட்டார். நல்ல கேள்வி. நீங்க செய்கிற பொருள் ஐந்தாறுதான் என்றால் அந்தப் பெயரையெல்லாம் பில்லிலேயே அச்சடித்துவிடலாம், எண்ணிக்கையும் தொகையும் மட்டும் போட்டால் போதும். விடுதி, அலுவலகத்துக்குப் போகிற பில்லில் பொருள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடச் சொல்லுங்க. தப்பாக எழுதின பில்லைக் கிழித்து எறியாமல், குறுக்கே "ரத்து" என்று எழுதி எல்லா நகலையும் புத்தகத்திலேயே வையுங்க. நடுவில் ஒரு எண் காணாமல் போனால் மறுபடி அதே சந்தேகம்தான் வரும்.

அந்த மசாலாக் குழு இப்போது வெள்ளைத் தாளில், கறுப்பு எழுத்தில், மூன்று நகல் புத்தகம் வைத்திருக்கிறது. கம்மலை மீட்டாகிவிட்டது. கையெழுத்து வாங்காமல் அந்த அக்கா ஆட்டோவிலிருந்து மூட்டையை இறக்க விடுவதில்லை என்று விடுதி ஸ்டோர்காரரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அவர்கள் புத்தகத்தை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், சாப்பாட்டு இடைவேளையில் வாங்கிப் பாருங்க. உங்க பழைய பில் புக்கை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வந்தா, கட்டம் எங்கே மாத்தணும்னு சேர்ந்து பார்க்கலாம்.