நானூறிலிருந்து நூறுக்கு

பட்டம் வாங்கக் காத்திருக்கும் செல்வங்களே, அவர்களைவிடப் பரபரப்பாக உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

ஆயர் ஈத்தாம் மேடையில் நின்று மலேசிய ஓட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். டாக்டர் எம். ஜெகதீசன். உங்கள் தாத்தாமார்களுக்கு அவர் 'பறக்கும் டாக்டர்'.

1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியபோது அவருக்கு வயது 16. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம். 1966 பேங்காக்கில் 100, 200, அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். திடலில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நானூறில் கடைசி வளைவு தாண்டியதும் கால் கல்லாய்க் கனக்கும். அதைத் தாங்கப் பழக வேண்டும். நூறில் தாங்குவதற்கே நேரமில்லை, புறப்பாட்டில் தடுமாறினால் கதை முடிந்தது. அஞ்சல் ஓட்டத்திலோ அடுத்தவர் கையையும் நம்பியாக வேண்டும். வயது ஏற ஏற நீண்ட தூரத்துக்கு மாறும் ஓட்டக்காரர்கள் உண்டு. இவர் எதிர்த்திசையில் வந்தவர். இத்தனைக்கும் நடுவில் சிங்கப்பூரில் மருத்துவப் படிப்பு வேறு!

1968இல் மெக்சிகோ நகரம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். மெல்லிய காற்று விரைவோட்டக்காரர்களுக்குச் சாதகம்தான். 200 மீட்டர் அரையிறுதியில் 20.92 வினாடி ஓடினார். இறுதிப் போட்டிக்குப் போக அது போதவில்லை. ஆனால் அந்தத் தோல்வியின் நேரம் மலேசியாவில் 49 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. 2017இல் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் 20.90இல் ஓடித்தான் அதைக் கடந்தார்.

அதற்குப் பிறகான வாழ்க்கையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஓடுகளத்தை விட்டவர் ஆய்வுக்கூடத்துக்குள் போனார். குடலைத் தாக்கும் சால்மோனெல்லா கிருமிகளை ஆராய்ந்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநரானார். கிருமியை வகை பிரிப்பவருக்கு எந்த அரங்கமும் கைதட்டுவதில்லை. கைதட்டலுக்குப் பழகிய ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தாரே, அது பேங்காக்கைவிடக் கடினம் என்பது என் கணக்கு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "இரண்டு படகில் கால் வைக்காதே" என்று இன்றைக்கே தொடங்கிவிடாதீர்கள். மகளின் ஓட்டக் காலணியையும் மகனின் மிருதங்கத்தையும் பரணில் ஏற்ற வேண்டாம். முதல் சம்பளம் வரட்டும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பதிவாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெயர்களைக் கூப்பிடுங்கள் ஐயா.