முட்டம்: காலுக்குக் கீழ கறுப்பு மணல்

முட்டம்னா நமக்கு சினிமாதான். ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்த இடம், லைட்ஹவுஸ், பாறை, ஒரு செல்ஃபி, அடுத்த பஸ். இன்னிக்கு கால்ல ஒட்டுற மணலைப் பார்ப்போம் மக்களே.

மணவாளக்குறிச்சி பக்கம் போகப் போக கரை கறுத்துக்கிட்டே வரும். அழுக்கு இல்ல, இல்மனைட். மலைப்பாறை தேய்ஞ்ச துகளை ஆறுகள் கடலுக்குக் கொண்டு வரும். இந்தக் கரையில அப்படி வந்து சேர்ற ஆறு வள்ளியாறு. மீதி வேலை அலையோடது. லேசான வெள்ளை மணலை இழுத்துட்டுப் போயிடும். கனமான இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் கரையிலயே தங்கிடும். சார்ட்டிங் கோடு எழுதிச் சம்பளம் வாங்குற எனக்கே பொறாமை!

1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், இங்க இருந்து ஏற்றுமதியான கயிற்றுல ஒட்டியிருந்த மணல்லதான் மோனசைட்டைக் கண்டுபிடிச்சார். அதுல இருக்கிற தோரியம் அப்போ கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. இன்னிக்கு மணவாளக்குறிச்சியில ஐஆர்இஎல் ஆலை இருக்கு.

2024-ல கிள்ளியூர் தாலுகாவுல 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்குற திட்டத்தைக் கடலோர ஊர்கள் எதிர்த்தன. கதிர்வீச்சு பத்தின பயம் ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிசாத் தெரியுறது, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிறதே அந்த மணல் மேடுதான்கிறது. 2004 சுனாமியை குளச்சல்காரங்க கிட்ட கேளுங்க.

ஆனா நாமளும் வெளியாள் இல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்ல இருந்து கழட்டின காந்தத்தைக் கறுப்பு மணல்ல வச்சுப் பாருங்க, ஒட்டும். அந்தக் காந்தத்துக்கு வேணும்கிற நியோடிமியமும் மோனசைட்லதான் இருக்கு.

போறவங்க ஆனி, ஆடியில பாறை நுனிக்குப் போகாதீங்க. அலை சொல்லிட்டு வராது.