இரண்டு தீக்குச்சியும் ஒரு சீருடையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் சுகாதாரம் பற்றி ஒரு வைத்தியர் பேசுவார் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கிறோம். 'நாங்கள்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1993ஆம் ஆண்டு ஏழாம் வகுப்பில் இருந்து, புதன்கிழமை பின்னேரங்களில் பெரிய மாமரத்தடியில் பெண் சாரணியராக வரிசையில் நின்றவர்களில் பதினான்கு பேர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம். ஒலிவாங்கி ஒருவர் கையில் இருந்தாலும் கதை எல்லோருக்கும் சொந்தம்.

மாமரத்தடியில் நாங்கள் செய்தவற்றைப் புதிய பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். முடிச்சுப் போடப் படித்தோம். முக்கோணத் துணியில் கைத்தொட்டில் கட்டினோம். இரண்டு மூங்கிலும் இரண்டு கோணிச்சாக்கும் கொண்டு தூக்குப் படுக்கை செய்து, வகுப்பிலேயே பாரம் கூடியவரைத் தேடிப்பிடித்து ஏற்றி, விளையாட்டுத் திடலைச் சுற்றி ஓடினோம். (அவர் இப்போது சங்கப் பொருளாளர். ஆகவே பெயர் சொல்வதற்கில்லை.) இடது கையால் கைகொடுப்போம், மூன்று விரலால் வணக்கம் வைப்போம். சின்னத்தில் இருக்கும் மூன்று இலைகளும் உறுதிமொழியின் மூன்று பகுதிகள் என்று மனப்பாடம் செய்தோம்.

ஜூன் மாதம் நெருப்பு மூட்டும் சோதனை வந்தது. இரண்டு தீக்குச்சிக்குள் மூட்ட வேண்டும். சப்ரகமுவ ஜூன் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுப்பங்கரையில் காயவைத்த விறகுகூட வியர்க்கும். டவுன் பிள்ளைகளான எங்கள் குச்சிகள் எல்லாம் அணைந்து புகையாகப் போயின. றப்பர் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் தோழி ஒருத்தி மட்டும் சட்டைப் பையிலிருந்து உருண்டையாக எதையோ எடுத்து விறகுக்கு அடியில் வைத்து, ஒரே குச்சியில் பற்றவைத்துவிட்டாள். அது ஒட்டுப்பால். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் றப்பர் பால். கறுத்த புகையும் நாற்றமும் அதிபர் அறைவரைக்கும் போனது. பொறுப்பாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது புத்தகத்தில் இல்லையே" என்றார். "எங்க வீட்டு அடுப்புல இருக்குங்க டீச்சர்" என்றாள் அவள். சோதனையில் தேறினாள். முடிச்சிலும் அவள்தான் முதல். ஐந்து வயதிலிருந்து விறகுக் கட்டும் கொழுந்துச் சாக்கும் கட்டிப் பழகிய கைக்கு ரீப் முடிச்சு ஒரு பெரிய விடயமா?

அந்த வருடம் உறுதிமொழி எடுக்கும் நாளில் அவள் வரிசையில் இல்லை.

சீருடை, பெல்ட், கழுத்துத் துணி, கறுப்புச் சப்பாத்து ஆகிய எல்லாம் சேர்த்து அவளுடைய அம்மாவுக்கு எத்தனை நாள் பெயர் என்று நாங்கள் அப்போது கணக்குப் பார்க்கவில்லை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, பால் வெட்டாத நாளுக்குப் பெயர் விழாது என்ற பாடம்கூட எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. புதன்கிழமை நின்றால் தோட்டப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸும் போய்விடும். அவள் ஒரு தவணை முழுக்கப் பாடசாலைச் சட்டையோடு வந்து, எல்லாச் சோதனையிலும் தேறி, பிறகு பேசாமல் நின்றுவிட்டாள். ஆண்டு ஒன்பதில் பாடசாலையை விட்டும் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை. அந்தக் கேட்காதவர்களில் நாங்கள் பதினான்கு பேரும் அடக்கம்.

இனி இங்கிலாந்துக் கதைக்கு வருகிறோம். எங்களில் மூவர் இப்போது அங்கே ஒரே நகரத்தைச் சுற்றி வசிக்கிறோம். பிள்ளைகளைச் சேர்க்கப் போய் நாங்களே மாட்டிக்கொண்டோம் என்பதுதான் உண்மை. அங்கே ஏழிலிருந்து பத்து வயதுவரை பிரவுனிஸ், பத்திலிருந்து பதினான்குவரை கைட்ஸ். எங்கள் வட்டாரத்தில் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் நீளமாக இருந்தது. காரணம் இடமில்லாமை அல்ல, நடத்தப் பெரியவர்கள் இல்லாமை. மண்டபத்துக்குள் நடக்கும் கூட்டத்துக்கே எட்டு பிரவுனிகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்பது விதி. "உங்கள் மகளுக்கு இடம் வேண்டுமானால் நீங்களும் வாருங்கள்" என்று அணித் தலைவி சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்பவர். இருபது வருடமாகச் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறார். குற்றப் பதிவுச் சோதனை, பிள்ளைப் பாதுகாப்புப் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி எல்லாம் முடித்துத்தான் எங்களைச் சேர்த்தார்கள். வைத்தியர் என்றாலும் முதலுதவிப் பயிற்சிக்கு விலக்குக் கிடைக்கவில்லை. அதில் எங்களுக்குச் சந்தோஷமே. நோயாளியைக் கட்டிலில் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஈரப் புல்லில் விழுந்து கிடக்கும் பிள்ளையைப் பார்க்கத் தனிப் பழக்கம் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இரவு தேவாலய மண்டபம் ஒன்றில் ஒன்றரை மணி நேரம். பாண் சுடுகிறார்கள், கூடாரம் அடிக்கிறார்கள், முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சீட்டு விளையாடுகிறார்கள், ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குகிறார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது என்று எட்டு வயதுப் பிள்ளைகள் தொலைபேசியில் பேசிப் பழகுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் அறுவர் இருந்தார்கள். இரவுத் தங்கல் என்றதும் அறுவரின் வீட்டிலும் ஒரே பதில்: விடமாட்டோம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை பரதநாட்டியம், மற்ற நாளெல்லாம் ரியூசன். இதில் காட்டில் போய்ப் படுப்பதா? நாங்கள் வாதாடவில்லை. அம்மாமாரை ஒரு பின்னேரம் கூட்டிவந்து, படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் காட்டி, சைவச் சாப்பாட்டுக்குத் தனிச் சட்டி இருப்பதையும் காட்டினோம். நால்வர் விட்டார்கள். அடுத்த வருடம் அறுவரும் வந்தார்கள், ஒரு அம்மம்மாவும் சமைக்க வந்தார்.

உறுதிமொழி பற்றி ஒரு சொல். 2013இல் அங்கே அதிலிருந்து கடவுள் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள், தன் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வேன் என்ற கருத்தில் மாற்றினார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் கவனிக்கவே இல்லை.

நாங்கள் சொல்ல வந்தது அந்த மண்டபத்தின் பின் அறையில் இருந்த ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைப் பற்றி. மூடி உடைந்த பெட்டி. வளர்ந்து போன பிள்ளைகளின் சீருடை எல்லாம் தோய்த்து மடித்து அதற்குள் கிடக்கும். புதிதாகப் பிள்ளை வந்தால் தலைவி, "இதில் எது அளவாக இருக்கிறது என்று பார்ப்போம்" என்று பெட்டியைத் திறப்பார். வைத்தியரின் மகளுக்கும் அதே பெட்டிதான், வேலை இழந்தவரின் மகளுக்கும் அதே பெட்டிதான். காசு இருக்கிறதா என்ற கேள்வியே எழுவதில்லை. எங்கள் மகளுக்குக் கிடைத்த மேற்சட்டையில் வேறு யாருடைய பெயரோ தைத்திருந்தது. அன்றிரவு வீடு திரும்பும்போது நாங்கள் மூவரும் காரில் ஒன்றும் பேசவில்லை. ஒட்டுப்பால் உருண்டையை மூவருமே நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகு கதைக்கும்போதுதான் தெரிந்தது.

இந்த இயக்கம் தொடங்கிய விதத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1909இல் லண்டன் கிறிஸ்ரல் பலஸில் ஆண் சாரணர்களின் பெரும் பேரணி நடந்தது. அழைப்பில்லாமல் ஒரு கூட்டம் பெண் பிள்ளைகள் அங்கே வந்து நின்றார்கள். கிடைத்ததைப் போட்டுக்கொண்டு, நாங்களும் சாரணர்தான் என்றார்கள். அடுத்த வருடம் பேடன் பவல் தன் சகோதரி அக்னஸைக் கொண்டு பெண்களுக்கான இயக்கத்தை ஆரம்பித்தார். ஒழுங்கான சீருடை இல்லாமல் வந்தவர்களால் பிறந்த இயக்கம் இது. இலங்கைக்கு 1917இல் வந்தது, அதுவும் கண்டியில், தேயிலை மலைகளின் நடுவில். அங்கிருந்து எங்கள் பக்கத்து லயங்களுக்கு எவ்வளவு தூரம்?

தோட்டப் பிள்ளைகளுக்குச் சாரணியம் எதற்கு, படிப்பே பெரும் பாடு என்று கேட்பவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். 2003 மே 17இல் இரத்தினபுரி முழுகியபோது எங்களில் சிலர் மருத்துவ பீட மாணவிகள். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுப்பான தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. அடுத்த வருடம் மே மாதம் மறுபடியும் இரத்தினபுரி மாவட்டம். மலை சரியும் முன் அடையாளம் காட்டும். நிலத்தில் வெடிப்பு விடும், மரமும் தூணும் சாயும், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வரும் அல்லது நின்றுவிடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கும் எளிது: 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். மழைமானி என்பது நேரான பக்கமுள்ள ஒரு போத்தலும் அடிமட்டமும்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தினமும் காலையில் அளந்து கரும்பலகையில் எழுதலாம். லயத்தில் நடக்க முடியாத பாட்டி எந்தக் காம்பராவில் இருக்கிறார், கைக்குழந்தை எதில் இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். கோணிச்சாக்கில் தூக்குப் படுக்கை செய்யவும் அவளுக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வைத்தியராக இன்னும் ஒன்று. நம் மாகாணத்தில் எலிக்காய்ச்சல் அதிகம். வெள்ளம் வடிந்த பிறகு, சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால் பனடோல் போட்டுப் படுக்க வைக்கக்கூடாது. சிறுநீர் குறைவதற்குள் வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். சேற்றில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் குளிசை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் கிடைக்கும். சுகாதாரம் பற்றிப் பேசச் சொன்னதற்கு இது போதும் என்று நினைக்கிறோம்.

மூன்று வருடங்களுக்கு முன் விடுமுறையில் வந்தபோது அந்தத் தோழியைத் தேடிப் போனோம். அதே தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை. முப்பது பிள்ளைகள், சேலைத் தொட்டில்கள் வரிசையாக. தொட்டில் முடிச்சைப் பார்த்து எங்களில் ஒருத்தி, "இது நம்ம போலைன் முடிச்சு இல்லையா?" என்றாள். "ஆமாங்க, அது அவுறாது. பிள்ளை பத்திரமா தூங்கும்" என்றாள் அவள். எங்களை 'ங்க' போட்டுப் பேசியது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, "அந்த மூணு இலை பேட்ஜ் இன்னும் குடுக்கிறாங்களா?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று போன நாங்கள் அங்கே சரியாகக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும், "எதுக்குங்க?" என்றுதான் சொல்லியிருப்பாள்.

செய்திருப்பது இவ்வளவுதான். பாடசாலைச் சாரணியர் அறையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். வெளியேறும் மாணவி தன் சீருடையை அதில் போட்டுவிட்டுப் போகலாம். கூட்டம் புதனிலிருந்து சனி காலைக்கு மாற அதிபர் அனுமதி தந்தார். அவருக்கு எங்கள் நன்றி. இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் பதினொருவர் வருகிறார்கள். அத்தோடு, தோட்டத்திலேயே ஒரு குழு தொடங்கப் பழைய பாடசாலைக் கட்டடத்தைத் தோட்ட நிர்வாகம் தந்திருக்கிறது. பொறுப்பாசிரியை நகரத்திலிருந்து வருவார். உதவிக்கு அந்தத் தோழியைக் கேட்டோம். "படிக்காதவ, நான் என்னத்தக் கத்துக்குடுக்க?" என்றாள். நெருப்பு மூட்ட என்றோம். ஒத்துக்கொண்டாள். பெரியவர்களும் உறுதிமொழி எடுக்க வேண்டும். அவளுடையதைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம், வேண்டாம், பன்னிரண்டு வயதில் படித்தது மறக்கவில்லை என்றாள்.

பணம் கேட்க வரவில்லை. பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. ஆட்கள்தான் இல்லை. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ மாதம் ஒரு சனிக்கிழமை வரக்கூடிய அக்காமார், தங்கைமார் தேநீர் இடைவேளையில் எங்கள் மேசைக்கு வந்து பெயர் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைத் திகதியைச் சொல்லுங்கள். தையல் தெரிந்தவர், பாட்டுத் தெரிந்தவர், மழைமானி வாசிக்கப் பொறுமை உள்ளவர் யாராக இருந்தாலும் சரி. முதல் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு மைல் ஏற்றம், அட்டை அதிகம். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு வாருங்கள், பழைய சப்பாத்தும் போட்டு வாருங்கள்.